மலையகத்தில் பேய்ப்படம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

இலங்கை மலையகத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களின் பட்டியலில் ரயில் பயணம் இருக்கும், தேயிலைத் தோட்டம் இருக்கும், நீர்வீழ்ச்சி நாலைந்து இருக்கும். தியேட்டர் இருக்காது. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் இங்கே சும்மா விடாது. அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து அலுத்துப்போனவர்கள், தேத்தண்ணி கொண்டுவருகிற பையனிடம் "தம்பி, இங்க எங்கயாவது படம் ஓடுதா?" என்று விசாரிப்பார்கள். அதிலும் பேய்ப்படம் என்றால் முகம் மலரும். வெளியே மூடுபனி, குளிர், ஆறரை ஏழுக்கெல்லாம் கும்மிருட்டு. ஊரே செட்டுப் போட்டுக் கொடுத்தது மாதிரி இருக்கும்போது அந்த ஆசை வருவதில் தப்பில்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியா, சிங்கப்பூர், கனடாவிலிருந்தோ முதல் தடவையாக வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்களுக்கும் பாதி பொருந்தும்.

ஷோவைக் கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள்

பேய்ப்படத்துக்கு இரவுக் காட்சிதான் அழகு என்பார்கள். என்னைக் கேட்டால் மலையகத்துக்குப் புதியவரை மதிய ஷோவுக்கோ, மிஞ்சிப்போனால் நான்கு மணி வாக்கில் தொடங்கும் ஷோவுக்கோதான் அனுப்புவேன். தியேட்டருக்குள் இருட்டு எந்த நேரமும் ஒரே இருட்டுதான். வித்தியாசம் எல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

ஆகவே முதல் வேலை, எத்தனை மணிக்குப் படம் என்று பார்ப்பது கிடையாது. படம் முடிந்து எதில் ஏறி, எந்த ரோட்டில், எங்கே போகப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அது தெரிந்துவிட்டால் ஷோ நேரம் தானாகவே தெரிந்துவிடும்.

கண்டி நகரத்துக்குள்ளேயே தங்கியிருந்தால் கவலை குறைவு. இரவு ஷோ பார்த்துவிட்டு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் அறைக்குப் போய்விடலாம். ஆட்டோ கூப்பிடுகிற பிக்மீ செயலியைப் போனில் போட்டு வைத்துக்கொண்டால் பேரம் பேசுகிற தொல்லையும் இல்லை. ஆனால் "நுவரெலியாவில் தங்கல், படம் மட்டும் கண்டியில்" என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் சுமார் 75 கிலோமீட்டர்தான். சமவெளிக்காரர் கணக்கில் அது ஒரு மணி நேரப் பயணம். இங்கே இரண்டரை மணி நேரம், சில நாள் மூன்றுக்கு மேல். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீட்டர். இடையில் உள்ள உயரம் முழுவதையும் ரம்பொடைப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஏறியாக வேண்டும். இரவில் பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற லொறியின் பின்விளக்குகூடத் தெரியாது. அந்த நேரத்தில் அந்த வழியில் ஏறுவதற்கு எந்தப் படமும் பெறுமதியில்லை.

மழையையும் கணக்கில் சேருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா மேற்குச் சரிவுகளில் அடிக்கும். பதுளைப் பக்கம் வடகிழக்குக் காற்றில், டிசம்பர் தொடக்கத்திலிருந்து நனையும். மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டுவது வழக்கம். கனமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மாவட்டவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. நீங்கள் போகிற வழிக்குச் செம்மஞ்சளோ சிவப்போ வந்திருந்தால் படத்தை விட்டுவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

நாளும் முக்கியம். இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மது விற்பனை கிடையாது, கடைகள் பல பூட்டியிருக்கும். மே மாதத்தில் புத்தர் பெருநாளான வெசாக்கை ஒட்டி கேளிக்கைகள் இன்னும் அடங்கிவிடும். அந்த நாட்களில் ஷோ உண்டா என்று போன் போட்டுக் கேட்காமல் கிளம்பாதீர்கள். கண்டியில் எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் ஜூலை - ஆகஸ்டு நாட்களில் மாலையானால் நகர வீதிகளை மூடிவிடுவார்கள். தியேட்டர் திறந்திருந்தாலும் நீங்கள் போய்ச் சேர்வது சந்தேகம். நுவரெலியாவுக்கு ஏப்ரல்தான் சீசன். அறையும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது.

கைக்கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அதைத் தொட வேண்டியதில்லை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு இரண்டரை மணி நேரம் வித்தியாசம். இங்கே இரவு பதினொன்றரைக்குப் படம் முடிந்தால் உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. வந்திறங்கிய நாளே இரவு ஷோவுக்குப் போனால், பேய் வருவதற்கு முன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

எந்தத் தியேட்டர்

மல்டிப்ளெக்ஸ் வசதி வேண்டும் என்றால் கண்டிதான். தலதா வீதியில் உள்ள கண்டி சிட்டி சென்டர் கட்டடத்துக்குள் இருக்கிறது. ஏசி, நல்ல ஒலி, எண் போட்ட இருக்கை, சாப்பிட அங்கேயே கடைகள். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் போய்விட்டு நடந்தே வந்துவிடலாம்.

மற்ற ஊர்களில் ஒற்றைத் திரைத் தியேட்டர்கள்தான். ஒரு காலத்தில் மலையகத்துச் சின்ன நகரங்களில்கூடப் படமாளிகை இருந்தது. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் மொத்தமும் டவுனில் நிற்கும். 1979-இல் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது, பிறகு வீடியோ டெக், பிறகு போன். பல தியேட்டர்கள் இன்று கல்யாண மண்டபமாகவோ கிடங்காகவோ மாறிவிட்டன. ஆனால் இணைய வரைபடத்தில் அவை இன்னும் தியேட்டராகவே நின்றுகொண்டிருக்கும். அதனால் போனை நம்பாமல் டவுன் ஆட்டோ ஸ்டாண்டில் விசாரியுங்கள். "அண்ணே, இன்னைக்கு என்ன படம் ஓடுது, எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் போதும். படத்தின் கதை, நல்லா இருக்கா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவார்கள். முடிவையும் சொல்லிவிடக்கூடும் என்பதால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது மேல்? படத்தைப் பொறுத்தது. மெல்ல மெல்ல நெஞ்சை இறுக்குகிற வகைப் படத்துக்கு அமைதி வேண்டும். அது மல்டிப்ளெக்ஸில் கிடைக்கும், அதுவும் வார நாளில். பழைய மண்டபங்களில் கூரைத் தகட்டில் மழை அடிக்கத் தொடங்கினால் திரையில் யார் கிசுகிசுத்தாலும் காதில் விழாது. ஆனால் பேயும் சிரிப்பும் கலந்த தமிழ்ப்படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய தியேட்டருக்குப் போங்கள். "டேய், பின்னால பாருடா!" என்று முன்வரிசைப் பையன்கள் கதாநாயகனை எச்சரிப்பதும், கதவு கிறீச்சிடும்போது யாரோ ஒருவர் பூனை மாதிரிக் கத்துவதும், உடனே மண்டபமே சிரிப்பதும் மல்டிப்ளெக்ஸில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. சத்தம் போடாதீர்கள் என்று அதட்டப் போக வேண்டாம். அங்கே புதியவர் நீங்கள்தான்.

மொழி

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை, அதில் சிக்கல் இல்லை. ஆங்கிலப் பேய்ப்படத்துக்குப் போனால் எந்த மொழியில் ஓடுகிறது, வசன வரி இருக்கிறதா என்று டிக்கட் கவுன்டரிலேயே கேளுங்கள். அடிதடிப் படத்தை வசனம் புரியாமலும் பார்த்துவிடலாம். பேய்ப்படத்தில் முக்கியமான விஷயத்தை எல்லாம் முணுமுணுப்பில்தான் சொல்வார்கள். அதைத் தவறவிட்டால் மிச்சப் படம் வெறும் சத்தம்.

சிங்களப் பேய்ப்படம் ஒன்று ஓடினால் துணிந்து போய்ப் பாருங்கள் என்பேன். மொழி தெரியாவிட்டாலும் இரண்டு பேரைத் தெரிந்துவைத்திருந்தால் பாதிக் கதை புரியும். ஒன்று மோகினி: வெள்ளை உடுத்து, கையில் குழந்தையோடு இரவில் ரோட்டோரம் நிற்பவள். நம் மோகினிக்குத் தங்கச்சி மாதிரி. இன்னொன்று மஹாசோனா: சுடுகாட்டை ஆள்கிற பெரும்பேய். ஜயசேனன் என்ற பலசாலியைக் கோட்டயிம்பரன் என்ற வீரன் தலையை வெட்டிக் கொன்றான், வெட்டுப்பட்ட உடம்பில் கரடித் தலை ஒட்டப்பட்டு அது பேயானது என்பது கதை. திரையில் கரடி முகம் எட்டிப்பார்த்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டார் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

கண்டி கவுன்டர்களில் தமிழிலேயே சமாளிக்கலாம். அப்படியும் ஒரு சிங்கள வார்த்தை பேச ஆசை என்றால் "டிக்கட் தெகக்" என்றால் இரண்டு டிக்கட்.

டிக்கட்டும் இருக்கையும்

பழைய தியேட்டர்களில் ஓ.டி.சி., பல்கனி, பொக்ஸ் என்று வகுப்பு எழுதியிருப்பார்கள். ஓ.டி.சி. கீழே, பல்கனி மேலே. பொக்ஸ் என்பது தடுப்பு வைத்துத் தனியாக்கிய இருக்கை, பெரும்பாலும் சோடிகள் போவது. குடும்பமாக வந்தவர்கள் பல்கனிக்குப் போவதுதான் வழக்கம். விலை ஊருக்கு ஊர், படத்துக்குப் படம் மாறும். சின்ன ஊர்களில் அட்டை எடுக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு ரூபாய்த் தாளாகவே கொண்டுபோங்கள்.

பேய்ப்படத்துக்கு மண்டபத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடு இருக்கைகள் நல்லவை. எல்லாப் பக்கத்து ஒலியும் அங்கேதான் சரியாக வந்து சேரும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் உண்மையிலேயே பின்னால் கேட்கும். எளிதில் பதறுகிறவராக இருந்தால் இன்னும் பின்னால், நடைபாதை ஓரமாக உட்காருங்கள். திரை சின்னதாகத் தெரிந்தால் பயமும் கொஞ்சம் சின்னதாகும், எழுந்து வெளியே போவதும் சுலபம்.

தணிக்கையில் "வயது வந்தோருக்கு மட்டும்" என்று முத்திரை வாங்கிய படம் என்றால் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். இளமுகமாக இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் கடவுச்சீட்டின் பிரதியாவது வைத்திருங்கள். முத்திரை இல்லாவிட்டாலும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். புது ஊர், புதுக் கட்டில், தெரியாத இருட்டு. வீட்டில் ஒரு இரவோடு போகிற பயம் பயணத்தில் மிச்ச நாள் முழுவதும் கூடவே வரும். இதயக் கோளாறு உள்ளவர்களும், விட்டுவிட்டு மின்னும் ஒளி பார்த்தால் வலிப்பு வருகிறவர்களும் தவிர்ப்பது நல்லது.

உள்ளே

உடுப்பு விஷயத்தில் பிடிவாதமாகச் சொல்வேன். கண்டியில் ஏசிக்கு ஒரு மெல்லிய ஜெர்சி போதும். நுவரெலியா, ஹட்டன் போன்ற மேட்டு ஊர்களில் ஏசியே இல்லாவிட்டாலும் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் குளிர் காலிலிருந்து ஏறும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி விழுவதுண்டு. காலுறை, ஸ்வெட்டர், காதை மூடத் தொப்பி. குளிரில் நடுங்குகிறோமா பயத்தில் நடுங்குகிறோமா என்று தெரியாமல் படம் பார்ப்பதில் சுகமில்லை.

படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலித்தால் எல்லோரோடும் எழுந்து நில்லுங்கள்.

அப்புறம் இடைவேளை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது. இங்கே வெளிநாட்டுப் படத்துக்கும் நடுவில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். தமிழ்ப்பட இயக்குநர் இடைவேளையை நினைத்தே கதையை எழுதியிருப்பார்; அந்த இடத்தில் ஒரு திடுக்கிடலை வைத்து அனுப்புவார். இடைவேளையே இல்லாமல் எடுத்த படத்தில் நிறுத்துவது ஆபரேட்டர் கையில். நாயகி நிலவறைப் படியில் ஒரு காலை வைத்திருப்பாள், விளக்கு எரியும், கடலைக்காரன் உள்ளே வருவான். அரை மணி நேரமாகப் பின்னிய இறுக்கம் ஒரு நொடியில் அறுந்துவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கழிப்பறை, தின்பண்டம் இரண்டையும் படம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். மீன் ரோல்ஸும் ஒரு பிளேன்டியும் (பால் சேர்க்காத தேத்தண்ணி) உள்ளே போனால் இரண்டு மணி நேரம் தாங்கும். இடைவேளையில் இருக்கையிலேயே இருங்கள், போனைத் திறக்காதீர்கள், கூட வந்தவரிடம் "யார் அந்தக் கொலைகாரன் தெரியுமா" என்று ஆரூடம் பேசாதீர்கள். கழிப்பறை வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவராவது படத்தை முன்பே பார்த்திருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். விளக்கு அணைந்ததும் இறுக்கம் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும்.

திடுக்கிட வைக்கிற காட்சிகளுக்கு ஒரு இலக்கணம் உண்டு: சத்தம் முதலில் வழக்கத்துக்கு மேல் அடங்கும், பிறகுதான் வெடிக்கும். பின்னணி இசை திடீரென்று இல்லாமல் போனால் கையில் உள்ள சூடான கோப்பையைக் கீழே வையுங்கள். உடம்பு துள்ளுவது அனிச்சைச் செயல், நாம் யோசிக்குமுன் நடந்து முடிந்துவிடும். பயப்பட மாட்டேன் என்று சவால் விடுகிறவர்கள் மடியில்தான் முதலில் தேத்தண்ணி கொட்டும்.

வெளியே வந்த பிறகு

போகும்போது கூட்டிப்போன ஆட்டோக்காரரிடமே பேசி வைத்துவிடுங்கள். "அண்ணே, படம் விட்டதும் வந்து ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் வந்து நிற்பார். போகவர வாடகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு தோட்டங்களுக்குப் போகும் பஸ்கள் அரிது. தோட்டத்துப் பங்களாவிலோ காட்டோர விடுதியிலோ தங்கியிருந்தால், கேட் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று காவலாளியிடம் கிளம்புமுன் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் செக்கண்ட் ஷோ முடிந்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) திரும்புகிறவர்கள் கூட்டமாக, டோர்ச் அடித்துக்கொண்டு, சத்தமாகப் பாடிக்கொண்டு தேயிலைக்குள் நடப்பார்கள். பேய்க்குப் பயந்து என்று கேலி பேசுவார்கள். உண்மையில் அது நல்ல பழக்கம். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு; காட்டுப்பன்றியும் உண்டு. இரண்டும் மனிதச் சத்தம் கேட்டால் விலகிப்போகிற பிராணிகள். திடீரென்று எதிரே போய் நிற்பதுதான் ஆபத்து. அதனால் குறுக்குவழி என்று தேயிலை மலைக்குள் இறங்காதீர்கள். "பேய்ப்படம் பார்த்துட்டு இருட்டுல நடந்து பார்ப்போமே" என்கிற விளையாட்டும் வேண்டாம்.

வழியில் மரத்தடியில் சூலமும் சிவப்புத் துணியுமாகச் சின்னக் கோயில்கள் தெரியும். மாடசாமி, முனியாண்டி இருப்பார்கள். தேயிலை ஃபெக்டரிப் பக்கம் ரோதமுனி இருப்பார், இயந்திரச் சக்கரங்களுக்குக் காவல் தெய்வம். படம் பார்த்த சூட்டில் அங்கே நின்று பயமுறுத்துகிற வீடியோ எடுக்க வேண்டாம். கும்பிடுகிறவர்களுக்கு அது வேடிக்கை இல்லை.

அவசரம் என்றால் அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவிக்கு 1912.

தூங்கப் போகுமுன்

உண்மையான பேய்ப்படம் அறையில் விளக்கை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். சமவெளியில் இல்லாத சத்தங்கள் இங்கே நிறைய. எது எது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கூரையில் "டக், டக்" என்று கேட்டால் பகல் வெயிலில் விரிந்த தகரம் குளிரில் சுருங்குகிறது. தூரத்தில் இரவு முழுக்க ஓயாத ஒரு இரைச்சல் வந்தால் பக்கத்தில் ஃபெக்டரி இருக்கிறது. பறித்த கொழுந்தை வாட்டுவதற்குப் பெரிய விசிறிகள் விடிய விடிய ஓடும். காட்டோரத்தில் இரும்பைத் தட்டியது போல ஒற்றைச் சத்தம் வந்தால் அது மரை (கடமான்), எதையோ கண்டு மிரண்டிருக்கிறது. அந்த "எதையோ" சிறுத்தையாகவும் இருக்கலாம், ஆகையால் கதவைத் திறந்து பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒரு பெண் அலறுவது போன்ற கூவல். சிங்களத்தில் உலமா என்பார்கள். தன் பிள்ளையின் கறியைப் புருஷன் சமைத்துக் கொடுத்ததை அறிந்து காட்டுக்குள் ஓடிய தாய் பறவையானாள் என்று ஒரு கதை உண்டு. எந்தப் பறவை அது என்று நூறு வருடத்துக்கு மேல் வாதாடினார்கள். காட்டில் வாழும் ஒரு பெரிய கொம்பு ஆந்தைதான் என்பது இப்போது பலர் ஏற்றுக்கொண்ட முடிவு. எல்லோருக்கும் கேட்கக் கிடைப்பதில்லை. பேய்ப்படம் பார்த்த இரவிலேயே கேட்டுவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர் என்றே சொல்வேன், அப்போது அப்படித் தோன்றாவிட்டாலும்.

விடிந்தும் விடியாத நேரத்தில், பனிக்குள் யாரையும் காணாமல், மெல்லிய மணியொலியில் பீத்தோவனின் மெட்டு ஒன்று நெருங்கி வரும். படத்தில் பொம்மைப் பேய் வருகிற காட்சி மாதிரியே இருக்கும். அது சூன் பான் ஆட்டோ, பாண் (பிரெட்) விற்கிறது. காசை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுங்கள், மாலு பணிஸ் (மீன் வைத்த பன்) சூடாறுமுன் தீர்ந்துவிடும்.